சாயர் பெர்மெத்ரின் ஸ்ப்ரே: சட்டைக்கு முன்னால் சாக்ஸுக்கு அடியுங்கள்

மே மாதம் பிறந்ததும் நியூஜெர்சி, பென்சில்வேனியா, கனெக்டிகட் பக்கம் இருக்கிற நம்மவர்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: உண்ணிக்கு என்ன அடிக்கிறீர்கள்? நான் அடிப்பது சாயர் கம்பெனியின் பெர்மெத்ரின் ஸ்ப்ரே, 0.5 சதவீதம், கையால் அழுத்தி அடிக்கிற 24 அவுன்ஸ் பாட்டில். இது தோலில் பூசுகிற மருந்து இல்லை. துணிக்கும் ஷூவுக்கும் முதுகுப் பைக்கும் கூடாரத்துக்கும் அடித்துக் காயவைத்துவிட்டு அப்புறம் போட்டுக்கொள்கிற மருந்து. சில கோடைகளாக எங்கள் வீட்டில் இதுதான் ஓடுகிறது, தீர்ந்தால் மறுபடி வாங்குகிறேன், உங்களையும் வாங்கச் சொல்வேன். ஆனால் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் சட்டைக்கும் தொப்பிக்கும் தாராளமாக அடித்துவிட்டு ஷூவையும் சாக்ஸையும் விட்டுவிடுகிறார்கள், இன்னும் சிலர் இதை அடித்துவிட்டால் கொசுவும் கடிக்காது, வீட்டுக்கு வந்து உடம்பைப் பார்க்கவும் வேண்டாம் என்று நம்பிவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன சரக்கு என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் துணியில் பூச்சிக்கொல்லியா என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கிற பைரெத்ரம் என்ற பழைய பூச்சிமருந்து உண்டு. பூச்சிக்கு நல்ல மருந்துதான், ஆனால் வெயில் பட்டால் சீக்கிரம் செத்துப்போகும். அதே அமைப்பைச் செயற்கையாகச் செய்து, வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கிற மாதிரி மாற்றியதுதான் பெர்மெத்ரின். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் அவர் குழுவினரும் 1973இல் இதை அறிவித்தார்கள். நம்மூர்க் கொசுவத்திச் சுருளிலும் கரண்டில் செருகுகிற கொசு மேட்டிலும் இருக்கிற அலெத்ரினும் இதே குடும்பம்தான். சொறி சிரங்குக்குத் தோல் டாக்டர் எழுதித் தருகிற பெர்மெத்ரின் க்ரீம் ஞாபகம் இருக்கிறதா, கழுத்திலிருந்து கால்வரை பூசி இரவு முழுக்க வைத்திருக்கச் சொல்வார்களே, அதில் 5 சதவீதம். இந்த ஸ்ப்ரேயில் அதில் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் தன் பேண்டுக்கு அடிக்கச் சம்மதித்தார்.

அதற்காக இதை எடுத்துக் கையில் காலில் அடித்துக்கொள்ளக் கூடாது. லேபிளில் தோலுக்குக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அடித்தாலும் பயனில்லை, தோல் அதைச் சீக்கிரமே உடைத்துப் போட்டுவிடும். துணியின் இழையில்தான் அது ஒட்டி நின்று வாரக்கணக்கில் வேலை செய்கிறது. டீட், பிகாரிடின் எல்லாம் தோலில் பூசுவது, அவை பூச்சியை நெருங்கவிடாமல் செய்பவை. பெர்மெத்ரின் வேறு வழியில் வேலை செய்கிறது. உண்ணி அந்தத் துணியில் கால் வைத்து நடக்க வேண்டும், நடக்கும்போது மருந்து அதன் நரம்பில் சோடியம் ஓடுகிற வழியைத் திறந்தபடியே நிறுத்திவிடும், நரம்பு ஓயாமல் துடித்து, உண்ணி தடுமாறி உதிர்ந்துவிடும். அதிக நேரம் துணியில் இருந்தால் செத்தும் போகும். ஆகவே துணியில் வந்து ஏறுகிற பூச்சிக்குத்தான் இது எமன்.

இப்போது சாக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். உண்ணி மரத்திலிருந்து தலையில் குதிக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது குதிக்கவும் செய்யாது, பறக்கவும் செய்யாது. புல் நுனியிலும் காய்ந்த இலைச் சருகிலும் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும், நாம் உரசிக்கொண்டு போனால் பற்றிக்கொண்டு மேலே ஏறும். கடி வழியாகக் கிருமி ஏறி மூட்டு வீக்கம் வரை கொண்டுபோகிற லைம் நோயைப் பரப்புகிற கருங்கால் உண்ணி இருக்கிறதே, அதன் இளம்பருவத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும், மே முதல் ஜூலை வரை அதுதான் காட்டுத் தரையில் இருக்கிறது, கசகசா அளவுக்கு மேல் இருக்காது. அது பெரும்பாலும் தரையோடு தரையாகச் சருகில்தான் கிடக்கும். அப்படியென்றால் அது முதலில் தொடுவது எதை? ஷூவை, சாக்ஸை, பேண்டின் அடிவிளிம்பை. கழுத்தில் உண்ணி கிடைத்தது என்று சொல்கிறவர்களுக்கும் பெரும்பாலும் அது கணுக்காலில் தொடங்கி உள்ளே ஏறிப் போனதாகத்தான் இருக்கும்.

இதை ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள், 2011இல் வெளியான ஆய்வு. தன்னார்வலர்களுக்கு மருந்தேற்றிய உடுப்புகளைக் கொடுத்து, நோய்க்கிருமி இல்லாத ஆய்வுக்கூட உண்ணிகளை விட்டுப் பார்த்தார்கள். மருந்தடித்த ஷூவும் சாக்ஸும் போட்டிருந்தவர்களுக்கு உண்ணிக் கடி வாய்ப்பு 73.6 மடங்கு குறைவாக இருந்தது. அரை டிராயரில் அது ஏறக்குறைய 5 மடங்கு, டிஷர்ட்டில் 2 மடங்கு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஒரே மருந்து, எந்தத் துணியில் அடிக்கிறோம் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஷூ, சாக்ஸ், பேண்டின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடிக்கிற முறை லேபிளில் இருக்கிறது, ஆனால் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. துணியைப் போட்டுக்கொண்டு அடிக்கக் கூடாது. வெளியில், காற்று இல்லாத நேரம் பார்த்து ஹேங்கரில் மாட்டி, ஆறிலிருந்து எட்டு அங்குலம் தள்ளிப் பிடித்து, மெதுவாக வீசி வீசி ஒவ்வொரு பக்கத்துக்கும் 30 விநாடி அடிக்க வேண்டும். இந்த 30 விநாடிதான் முக்கியம். செண்ட் அடிப்பதுபோல இரண்டு தடவை புஸ் புஸ் என்று அடித்துவிட்டு மடித்து வைக்கிறவர்களுக்கு மருந்து போதாது, துணி ஈரமாகத் தெரிய வேண்டும். பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம், புழுக்கமான நாளில் நான்கு மணி நேரம் காயவிட வேண்டும். நான் காலையில் வீட்டுக்குப் பின்னால் டெக்கில் மாட்டி அடித்துவிட்டு மாலையில்தான் எடுக்கிறேன், கையில் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்கிறேன். ஷூவுக்கு நாக்கையும் லேஸையும் இழுத்துவிட்டு உள்விளிம்பு வரைக்கும் அடிக்கிறேன், ஏனென்றால் உண்ணி அந்தச் சந்து வழியாகத்தான் சாக்ஸுக்குள் நுழைகிறது. உள்ளாடைக்கு இதை அடிக்க வேண்டாம். காய்ந்த பிறகு வாசனை எதுவும் இல்லை, கறை விழுவதில்லை, வெள்ளைச் சாக்ஸிலும் பார்த்துவிட்டேன். டீட் பட்டால் கடிகாரக் கண்ணாடியும் பிளாஸ்டிக் கொக்கியும் பாழாகும் என்பார்களே, அந்தத் தொந்தரவு இதில் கிடையாது, அதனால் பையின் பட்டை, கொக்கி என்று பார்க்காமல் அடிக்கலாம். பையைக் கழற்றித் தரையில் வைக்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அப்போது அடிப்பக்கத்தில் ஏறுகிற உண்ணிதான் காரில் வீட்டுக்கு வருகிறது, அதனால் பையின் அடிப்பக்கத்துக்கும் முதுகுப்பக்கத்துக்கும் மறக்காமல் அடியுங்கள்.

ஒரு பாட்டிலில் சட்டை, பேண்ட், சாக்ஸ் சேர்த்து நான்கைந்து செட்டுக்குத்தான் வரும். ஆறு வாரம் அல்லது ஆறு முறை துவைக்கும்வரை என்று கம்பெனி சொல்கிறது, எது முதலில் வருகிறதோ அதுவரை என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. வெயிலும் துவையலும் மருந்தைக் குறைத்துக்கொண்டே வரும். மலையேறுகிற துணியைத் தனியாக வைத்துக்கொண்டு, மெதுவான சுழற்சியில் துவைத்து, நிழலில் காயப்போட்டு, கறுப்புப் பையில் மூடி வைத்தால் சொன்ன காலம் வரும். டிரை க்ளீனிங் கொடுத்தால் மருந்து போய்விடும். ஷூவை யாரும் அடிக்கடி துவைப்பதில்லை என்பதால் அதில் மருந்து நன்றாக நிற்கிறது, ஆனாலும் நான் மே முதல் வாரம் ஒரு தடவை, ஜூன் நடுவில் ஒரு தடவை, இலையுதிர்காலத்தில் முதிர்ந்த உண்ணிகள் மறுபடி கிளம்பும்போது ஒரு தடவை என்று அடித்துவிடுகிறேன். விசையை இழுத்து இழுத்து விரல் வலிக்கிறது என்பது இந்த மாதிரி பாட்டில் எல்லாவற்றுக்கும் உள்ள குறைதான், நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரே நாளில் அடித்தால் கண்டிப்பாக வலிக்கும், ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேறொரு கம்பெனியின் விலை குறைந்த பாட்டில் ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன், பெயர் வேண்டாம், மருந்து அதேதான், முனை ஒழுகியதில் பாதி டெக்கின் பலகைக்குப் போய்விட்டது.

மலையில் எப்படி? நியூஜெர்சியில் வெர்னன் பக்கம் போச்சக் சதுப்புநிலத்தின் மேல் பலகைப் பாதை இருக்கிறதே, அதில் நடந்து, மாடு மேய்கிற புல்வெளியைக் கடந்து வவயாண்டா மலை ஏறுவது எங்களுக்குப் பிடித்த வழி. பலகையில் நடக்கும்வரை ஒன்றும் இல்லை. புல்வெளியில் பாதை குறுகி இரண்டு பக்கமும் புல் முழங்காலைத் தொடும், அங்கேதான் ஏறும். மருந்தடிக்காத காலத்தில் அந்த இடத்தைத் தாண்டியதும் நின்று பிள்ளைகளின் பேண்டிலிருந்து உண்ணிகளைத் தட்டிவிடுவது வழக்கம். இப்போதும் ஏறுகின்றன, ஆனால் சாக்ஸில் ஏறிய உண்ணி நேராக மேலே போகாமல் கால்களை உதறிக்கொண்டு வட்டமடித்து விழுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாய் உண்ணி பெரியது என்பதால் அது தெளிவாகவே தெரிகிறது. மருந்தடித்த ஷூவும் சாக்ஸும் போட்டு, பேண்டைச் சாக்ஸுக்குள் செருகிப் போன நாட்களில் எங்கள் யார் உடம்பிலும் ஒட்டிய உண்ணியை நான் இதுவரை எடுத்ததில்லை. பேண்டைச் செருகுவது பார்க்க நன்றாக இருக்காது என்று பெரியவன் முதலில் முரண்டு பிடித்தான். அதைச் செய்யாவிட்டால் மருந்தின் பாதி வேலை வீண், உண்ணி பேண்டின் உள்பக்கமாகத் தோலைப் பிடித்து ஏறிவிடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த உண்ணி மாட்டு உண்ணியும் நாய் உண்ணியும்தான், கண்ணுக்குத் தெரியும், பிடுங்கிப் போடலாம். இங்கே விஷயம் வேறு. கனெக்டிகட்டில் லைம் என்ற ஊரில் 1970களின் நடுவில் குழந்தைகளுக்குக் கொத்தாக மூட்டு வீக்கம் வந்ததிலிருந்துதான் லைம் நோய்க்கு அந்தப் பெயரே வந்தது. வில்லி பர்க்டார்ஃபர் அதற்கான கிருமியை உண்ணிக்குள் கண்டது 1981இல். இன்றைக்கு அமெரிக்காவில் வருடத்துக்கு ஏறக்குறைய 476,000 பேர் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி மதிப்பிடுகிறது. இந்த நோயின் அடையாளமான வட்டவட்டமான தடிப்பு எல்லோருக்கும் வருவதில்லை, அதனால் கடித்ததே தெரியாமல் மாதக்கணக்கில் மூட்டு வலியோடு அலைகிறவர்கள் உண்டு.

அடுத்தது லோன் ஸ்டார் உண்ணி, பெண் உண்ணியின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், தெற்கு ஜெர்சியில் பைன் காட்டுப் பக்கம் ஏராளம். இது கடித்தால் சிலருக்கு ஆல்ஃபா கேல் என்கிற சர்க்கரைக்கு ஒவ்வாமை உண்டாகிவிடும். அந்தச் சர்க்கரை ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி எல்லாவற்றிலும் இருக்கிறது, சிலருக்குப் பாலும் ஜெலட்டின் மாத்திரை உறையும்கூட ஆகாது. சாப்பிட்டு இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடித்து, வயிற்றைப் புரட்டி, சிலருக்கு மூச்சு முட்டுகிற அளவுக்குப் போகும். மதியம் மட்டன் பிரியாணி சாப்பிட்டவருக்குச் சாயங்காலம் இப்படி வந்தால் எதனால் என்று யாருக்குத் தோன்றும்? கோழியும் மீனும் சாப்பிடலாம் என்பார்கள், ஆனாலும் ஒரு கடியில் ஆட்டுக்கறியை விடவேண்டிய நிலை எங்கள் வீட்டில் யாருக்கும் வரக்கூடாது என்று நான் உண்மையாகவே பயப்படுகிறேன். இந்த உண்ணிக்கும் பெர்மெத்ரின் வேலை செய்கிறது.

ஸ்ப்ரே அடிக்க நேரமில்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி, தொழிற்சாலையிலேயே மருந்தேற்றி விற்கிற உடுப்பு. இன்செக்ட் ஷீல்ட் என்ற பெயர் பல கம்பெனிகளின் சாக்ஸிலும் பேண்டிலும் இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பொதுமக்களுக்கு இந்த வகை உடுப்புகளை அனுமதித்தது 2003இல், அதற்கு முன்பே ராணுவம் தன் சீருடைகளில் பயன்படுத்திவந்தது. 70 துவையல் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. நம் துணியையே அனுப்பினால் மருந்தேற்றித் திருப்பி அனுப்புகிற சேவையும் அவர்களிடம் உண்டு. என் அபிப்பிராயம், சாக்ஸை மட்டும் இப்படி வாங்கலாம், ஏனென்றால் சாக்ஸைத்தான் ஒவ்வொரு தடவையும் துவைக்கிறோம், ஆறு துவையல் என்பது சாக்ஸுக்குச் சீக்கிரம் முடிந்துவிடும். பேண்டுக்கும் ஷூவுக்கும் பைக்கும் ஸ்ப்ரே போதும். 70 துவையல் என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வடக்கு கரோலினாவில் வெளியில் வேலை செய்கிற ஊழியர்களுக்கு இப்படிச் சீருடை கொடுத்துப் பார்த்த ஆய்வில் முதல் வருடம் உண்ணிக் கடி 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, இரண்டாம் வருடம் அந்தப் பலன் வெகுவாகச் சரிந்துவிட்டது. அவர்கள் தினமும் போட்டுத் துவைக்கிறவர்கள், நாம் வாரக்கடைசியில் போடுகிறவர்கள், அந்த வித்தியாசம் உண்டு. ஆனாலும் இரண்டு வருடம் ஆன சாக்ஸை நம்பி நான் புல்லில் இறங்க மாட்டேன்.

கொசு விஷயத்தில் இந்த ஸ்ப்ரேக்கு நான் அவ்வளவு மதிப்பெண் தரமாட்டேன். துணிக்கு மேலே உட்கார்ந்து ஊசி போடுகிற கொசுவைத் தடுக்கும், மெல்லிய சட்டையில் அது பெரிய உதவிதான். ஆனால் கை, முகம், கழுத்து திறந்துதானே இருக்கிறது, அங்கே வந்து கடிக்கும். அதற்கு 20 சதவீத பிகாரிடினோ டீட்டோ தோலில் பூசியே ஆக வேண்டும். அதோடு சில ஊர்க் கொசுக்கள் இந்த மருந்துக் குடும்பத்துக்கே பழகிவிட்டன. புவெர்ட்டோ ரிக்கோவில் பெர்மெத்ரின் பயன்தராமல் போகலாம் என்று சிடிசியே எச்சரித்திருக்கிறது. ஆகவே டெங்கு இருக்கிற ஊருக்குப் போகும்போது இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

நம் ஊருக்குப் போகிறவர்கள் வேறொரு காரணத்துக்கு இதை யோசிக்கலாம். தமிழ்நாட்டில் மழைக்காலமும் பனிக்காலமும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் கூடுகிற காலம், புதர்க்காட்டிலும் வயல் ஓரத்திலும் இருக்கிற நுண்ணிய சிற்றுண்ணியின் குஞ்சுதான் அதைப் பரப்புகிறது, அதுவும் காலில்தான் ஏறும். பொங்கலுக்குக் கிராமத்துக்குப் போய் வயலில் இறங்குகிற பிள்ளைகளுக்கு இங்கேயே மருந்தடித்துக் காயவைத்த சாக்ஸும் பேண்டும் இரண்டு செட் பெட்டியில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

அடுத்து பூனை. இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். மனித உடம்பும் நாயின் உடம்பும் ஈரல் வழியாக இதை உடைத்து வெளியேற்றுகிற மாதிரி பூனையின் உடம்பு செய்ய முடியாது, ஈரமான துணியில் உரசிவிட்டுப் போய் உடம்பை நக்கினாலே நடுக்கம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் பூனை இருந்தால் அடிப்பதும் காயவைப்பதும் வெளியில்தான், பூனை வரமுடியாத இடத்தில்தான், முழுக்கக் காய்ந்த பிறகுதான் துணி வீட்டுக்குள் வரவேண்டும். தெருப்பூனைக்குச் சோறு வைக்கிறவர்கள் டெக்கின் கைப்பிடியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். மீனுக்கும் தேனீக்கும் இது கொடிய நஞ்சு. குளம், ஓடை, மழைநீர் வடிகால் பக்கத்தில் அடிக்கக் கூடாது, பூத்திருக்கிற செடிக்குப் பக்கத்திலும் கூடாது, மிச்ச மருந்தைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது. மலையில் ஓடையைக் கண்டால் ஷூவோடு இறங்குகிற பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு, புதிதாக அடித்த ஷூவோடு இறங்க வேண்டாம் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன், அந்தத் தண்ணீரில் இருக்கிற சிறு பூச்சிகள்தானே மீனுக்குச் சாப்பாடு.

மனிதருக்கு எப்படி என்றால், மருந்தேற்றிய உடுப்பைப் போடுவதால் சிறு குழந்தைகளுக்கும் கவலைப்படும் அளவு ஆபத்து இல்லை என்பதுதான் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிட்டுச் சொன்னது. நான் பிள்ளைகளின் துணிக்கு அடிக்கிறேன், ஆனால் தினசரி பள்ளிக்குப் போடுகிற உடைக்கு இல்லை, காட்டுக்கும் புல்லுக்கும் போகிற ஒரு செட்டுக்கு மட்டும். கைக்குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் தனியாகப் போடுங்கள். கர்ப்பமாக இருக்கிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும், அடிக்கிற வேலையையாவது வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

சிக்கனம் பார்க்கிறவர்கள் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். மாட்டுப் பண்ணைக்கும் தோட்டத்துக்கும் விற்கிற 10 சதவீத பெர்மெத்ரின் கரைசலை வாங்கி, ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் அதே 0.5 வந்துவிடும், விலையும் பல மடங்கு மலிவு என்று. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கரைசல் சிலவற்றில் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான் இருக்கும், உடம்பில் போடுகிற துணிக்கென்று அது அனுமதிக்கப்பட்டதும் இல்லை, லேபிளுக்கு மாறாகப் பயன்படுத்துவது இந்த நாட்டில் சட்டமீறல். அளவு தவறினால் அனுபவிப்பது பிள்ளைகள். சாயர் பாட்டில் இருபது டாலர் அளவில் கிடைக்கிறது, ஷூவுக்கும் சாக்ஸுக்கும் மட்டும் என்றால் ஒரு பாட்டில் ஒரு குடும்பத்துக்குக் கோடை முழுக்க வரும், அதில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

கோடையில் ஊரிலிருந்து வருகிற அப்பா அம்மாவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். மலையேறுகிற நம்மைவிட வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் நிற்கிற அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா காலையில் எழுந்ததும் கைலியும் ரப்பர் செருப்புமாக அவரைப் பந்தலைப் பார்க்கப் போய்விடுவார், அம்மா நைட்டியோடு புதினா பறிக்கப் போவார், புல் முடிந்து மரங்கள் தொடங்குகிற அந்த ஓரத்தில்தான் சருகு குவிந்திருக்கும், மான் வந்து போவதும் அங்கேதான். கைலிக்கு அடித்துப் பயனில்லை, கால் முழுக்கத் திறந்து இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு கேன்வாஸ் ஷூ, உயரமான சாக்ஸ், ஒரு பழைய பேண்ட், மூன்றுக்கும் மருந்தடித்துப் பின்வாசலிலேயே வைத்துவிட்டேன், தோட்டத்துக்குப் போனால் இதுதான் உடுப்பு என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குச் சல்வார் பேண்டும் ஷூவும். இரண்டு நாள் முனகினார்கள், அப்புறம் பழகிவிட்டது. மருத்துவக் காப்பீடு குறைவாக இருக்கிற விருந்தாளிகள் அவர்கள், ஒரு லைம் நோய்ச் சிகிச்சைக்கு இங்கே என்ன செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்து அடித்திருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் சோதனை உண்டு, அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். போட்டிருந்த துணியைத் துவைப்பதற்கு முன்னால், காய்ந்த நிலையிலேயே, டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டினால் ஒளிந்திருக்கிற உண்ணி செத்துவிடும். வெறுமனே துவைத்தால் சாகாது, அது தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும். பிறகு குளியல், குளிக்கும்போது கவட்டு, அக்குள், தொப்புள், முழங்காலின் பின்பக்கம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் தடவிப் பார்ப்பது. ஒட்டியிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி என்று நம்மூர் வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரம்தான் வீணாகும். லைம் கிருமி ஏறுவதற்கு உண்ணி பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் அன்றைக்கே எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அதிக நேரம் ஒட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால் எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள், ஒரே வேளை டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதா என்று அவர் முடிவு செய்வார்.

கடைசியாக, வால்பாறைக்கும் கர்நாடகத்தின் ஆகும்பே மழைக்காட்டுக்கும் இதை எடுத்துப் போகலாமா, இரத்தம் உறிஞ்சுகிற அட்டைக்கு வேலை செய்யுமா என்று கேட்கிறவர்களுக்கு: அதற்காக வாங்காதீர்கள். அட்டை மண்புழுவின் இனம், லேபிளில் அட்டை என்ற பேச்சே கிடையாது. அங்கே முழங்கால்வரை வருகிற, நெருக்கமாக நெய்த அட்டை சாக்ஸ்தான் தேவை.